பாதி டேங்க் என்றால் எத்தனை நாள்?

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள். தெருவில் குடிநீர்க் குழாய் கிடையாது. மழைக்காலம் முடிந்து சில மாதங்கள் போர்வெல் கைகொடுக்கும். அப்புறம் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர்தான். அது தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியில் இறங்கி, மோட்டார் வழியாக மாடிக்குப் போகும். சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டதிலிருந்து, காலையில் கேட்டைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மேடம், சம்ப்ல எவ்வளவு இருக்கு?"

"பாதி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. இன்றைக்கு லாரி சொல்ல வேண்டுமா, நாளை சொன்னால் போதுமா, சனி ஞாயிறு தாண்டுமா என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது மட்டும் போதாது. எந்த இடம் பூஜ்யம், எந்த இடம் நிறைவு, நடுவில் தொட்டியின் வடிவம் என்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்ற நாலும் வேண்டும். இந்த நாலையும் ஒரு தடவை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டால், பிறகு வாட்ச்மேனே பார்த்துச் சொல்லிவிடுவார்.

எங்கள் சம்ப்பையே எடுத்துக்கொள்கிறேன். கட்டிக்கொடுத்தவர்கள் தந்த வரைபடத்தில் கொள்ளளவு 80,000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. நீளம் 20 அடி, அகலம் 15 அடி, உயரம் ஒன்பதரை அடி. பெருக்கினால் 2,850 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வைத்தால் எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. பெருக்கல் சரிதான். ஆனால் அந்த ஒன்பதரை அடி, தரையிலிருந்து மேல்தளத்தின் அடிப்பக்கம் வரை உள்ள உயரம். எட்டாவது அடியில் ஓவர்ஃப்ளோ பைப் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொட்டு நிற்காது. ஆகவே உண்மையான நிறைவு ஏறக்குறைய 68,000 லிட்டர்.

கீழேயும் இதே கதைதான். மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு தரையைத் தொட்டுக்கொண்டு இருக்காது. தொட்டால் சேற்றை இழுக்கும். எங்கள் சம்ப்பில் நீர்மட்டம் ஒன்பது அங்குலத்துக்கு இறங்கியதும் மோட்டார் காற்றை வாங்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த ஒன்பது அங்குலத்தில் கிடக்கும் 6,400 லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. அதையும் கழித்தால் எங்களுக்குப் பயன்படுகிற கொள்ளளவு அறுபத்தோராயிரத்துச் சொச்சம். எங்கள் நாற்பது வீடுகளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 20,000 லிட்டர் போகிறது. காகிதத்தை நம்பினால் நாலு நாள் வரும் என்று தோன்றும் சம்ப், நிஜத்தில் மூன்று நாள்தான் தாங்கும். மே மாதத்தில், லாரிக்குச் சொல்லி இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய நிலைமையில், அந்த ஒரு நாள் வித்தியாசம் லேசுப்பட்டதில்லை.

அடுத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. இதைத்தான் எல்லோரும் போட்டு வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 300 சதுர அடி. ஓர் அங்குல உயரத்துக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 25 கன அடி. லிட்டரில் 708. உள்ளே இரண்டு தூண்கள் இருக்கின்றன, அவை பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 700 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு எண் கையில் இருந்தால் சம்ப்பே ஒரு பெரிய அளவைப் படி ஆகிவிடும்.

அப்படி அளந்தபோதுதான் லாரிக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. எங்களுக்கு வருவது 12,000 லிட்டர் லோடு. கணக்குப்படி மட்டம் பதினேழு அங்குலம் ஏற வேண்டும். ஏறியது பதினைந்து. டிரைவர் நடுத்தர வயதுக்காரர், பல வருடமாக இதே ரூட்டில் ஓட்டுபவர். அவரிடம் கேட்டேன்.

"அண்ணா, பதினைஞ்சு அங்குலம்தான் ஏறியிருக்கு. ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் குறையுது."

"மேடம், மூடி வரைக்கும் ரொப்பித்தான் எடுத்துட்டு வந்தேன். வேணும்னா மேல ஏறி உள்ள பாருங்க."

ஏறிப் பார்த்தோம். டேங்கின் முன்பக்க மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் நுழைவாயில் தெருவிலிருந்து உள்பக்கமாகச் சரிந்து இறங்கும். லாரி மூக்கைக் கீழே வைத்து நின்றது; தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு பின்பக்கம், மேட்டில். கொஞ்சம் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் முன்னாலேயே தங்கிவிட்டது. அடுத்த லோடுக்கு லாரியை ரிவர்ஸில் வரச் சொல்லி, பின்பக்கம் பள்ளத்தில் இருக்கும்படி நிறுத்தினோம். பதினாறரை அங்குலம் ஏறியது.

அதே டிரைவர் சொன்ன இன்னொரு விஷயமும் உண்மை. லாரி தண்ணீர் இறக்கும்போது எங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அளவு சரியாக வராது. நிமிடத்துக்கு 150 லிட்டர் மேலே ஏற்றும் மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் 3,000 லிட்டர் மாடிக்குப் போய்விடும். அதாவது நாலு அங்குலத்துக்கு மேல். அந்தப் பழியை லாரிக்காரர் தலையில் போடுவது நியாயமில்லை. ஆகவே இப்போது எங்கள் வழக்கம் இது: லாரி வந்ததும் மோட்டாரை நிறுத்துவது, டேங்கின் மேல்மூடியைத் திறந்து பார்ப்பது, சம்ப் மட்டத்தைக் குறிப்பது, இறக்கி முடித்து ஐந்து நிமிடம் அலை அடங்க விட்டு மறுபடி குறிப்பது. வாட்ச்மேன், டிரைவர் இருவரும் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். வேறொரு சப்ளையரிடமிருந்து வந்த லோடுகள், எப்படி நிறுத்தினாலும் பதினான்கைத் தாண்டவே இல்லை. நோட்டைக் காட்டியதும் அங்குலக் கணக்கில் பணம் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சண்டை எதுவும் தேவைப்படவில்லை. எண் எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அளக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான பிளாஸ்டிக் பைப்பை விட்டு எடுத்தால் நனைந்த கோடு தெரியாது. அலுமினியப் பட்டையில் அங்குலக் கோடுகளைக் கீறி, அளக்கும் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால் நனைந்த எல்லை பளிச்சென்று தெரியும். கிணற்று மட்டம் பார்ப்பவர்கள் டேப்பில் சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பதும் இதற்காகத்தான். பட்டையை எப்போதும் ஒரே இடத்தில், செங்குத்தாக இறக்க வேண்டும். சம்ப்பின் தரை கழுவி விடுவதற்காக ஒரு பக்கம் சரிவாக இருக்கும். இன்று மேட்டிலும் நாளை பள்ளத்திலும் அளந்தால் இரண்டு அங்குலம் கூடக்குறையத் தெரியும். இன்னொன்று, மிக முக்கியமானது: அளப்பதற்காகவோ கோடு போடுவதற்காகவோ யாரையும் சம்ப்புக்குள் தனியாக இறக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்று போதாமல் போகும்; உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போனவரும் மயங்குவார். கோடு போடும் வேலையை, சம்ப் கழுவும் நாளில், மூடிகளைத் திறந்து வைத்து நன்றாகக் காற்றோட்டம் விட்டு, மேலே ஆள் நிற்கும்போது செய்துகொள்ளலாம்.

சென்சார் வைக்கலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். வைத்தோம். மேலிருந்து ஒலியை அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிற வகை. மாடித் தொட்டியில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு குணங்களைத் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும். விலை குறைந்த சென்சார்களுக்குத் தன் முகத்துக்குக் கீழே முதல் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தெரியாது. தொட்டியின் மூடியிலேயே பொருத்தி, நீர் மூடிக்கு அருகில் வந்துவிட்டால் எண் தாறுமாறாக ஓடும். கழுத்தை உயர்த்தி ஒரு குழாய்த்துண்டு வைத்துப் பொருத்தினால் சரியாகிவிடும். இரண்டாவது, சம்ப்புக்குள் ஈரப்பதம் கூடினால் சென்சார் முகத்தில் நீர்த்துளி பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். அதனால் வாரம் ஒரு தடவை பட்டையை இறக்கி, சென்சார் காட்டுவதோடு ஒப்பிடுகிறோம். சென்சாரில் "0%" எங்கே, "100%" எங்கே என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் சம்ப் சென்சாரில் பூஜ்யம் என்பது தரை அல்ல, அந்த ஒன்பது அங்குலக் கோடு. நூறு என்பது கூரை அல்ல, ஓவர்ஃப்ளோ பைப்.

செவ்வகத் தொட்டியில் உயரமும் கொள்ளளவும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். நிமிர்ந்து நிற்கும் வட்டத் தொட்டியிலும் அப்படித்தான். தொட்டி படுத்துவிட்டால் கதை மாறிவிடும். எங்கள் ஜெனரேட்டரின் டீசல் டேங்க் படுக்க வைத்த உருளை. 500 லிட்டர் பிடிக்கும். அதனுடன் வந்த டிப் ஸ்டிக்கில், அதாவது உள்ளே விட்டு மட்டம் பார்க்கும் குச்சியில், சம இடைவெளியில் பத்துக் கோடுகள் இருந்தன. ஒரு கோட்டுக்கு ஐம்பது லிட்டர் என்றுதான் பார்க்கிற எவரும் நினைப்பார்கள். ஆனால் படுத்த உருளை அடியிலும் உச்சியிலும் குறுகல், நடுவில் அகலம். பாதி உயரத்தில் மட்டும்தான் சரியாகப் பாதி இருக்கும். நாற்பது சதவீத உயரத்தில் 37 சதவீதம்தான் இருக்கும். முப்பதில் 25. இருபதில் 14. பத்து சதவீத உயரத்தில் வெறும் 5 சதவீதம். முதல் கோட்டில் டீசல் நிற்கும்போது ஐம்பது லிட்டர் இருக்கிறது, மணிக்கு எட்டு லிட்டர் போனாலும் ஆறு மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டால், இருப்பதோ இருபத்தாறு லிட்டர். மூன்று மணி நேரத்தில் நின்றுவிடும். உறிஞ்சும் குழாய் அடியைத் தொடாது என்பதால் அதுவும் முழுசாக வராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் பக்கம் தண்ணீர் சூழ்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோம். மோட்டார் ஓடினால்தான் மாடிக்குத் தண்ணீர் போகும். மூன்றாவது மாடியில் படுக்கையில் இருந்த பெரியவருக்காக லிஃப்ட் வேண்டும். டிப் ஸ்டிக்கில் கோடுகளை அதற்கு முன்பே கணக்குப்படி மாற்றிக் கீறி வைத்திருந்தோம். அதனால் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பங்கு போட்டு ஓட்ட முடிந்தது. டீசல் வாங்கப் போக வழி திறக்கும்வரை தாக்குப் பிடித்தது. உங்கள் குடியிருப்பிலும் படுத்த டேங்க் இருந்தால், இந்த வாரமே அந்தக் கோடுகளைச் சரிபாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சமையல் கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுப்பில் தீ நன்றாக எரிகிறது என்பதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது. கடைசியில்தான் சட்டென்று விழும். எடைதான் சரியான வழி. வெறும் சிலிண்டரின் எடை அதன் மேல் வளையத் தகட்டிலேயே எழுதியிருக்கும். 15.3 கிலோ என்று இருந்தால், முழு சிலிண்டர் 14.2 கிலோ கேஸைச் சேர்த்து 29.5 கிலோ இருக்க வேண்டும். டெலிவரி செய்பவரிடம் தராசு இருக்கும், நிறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தராசு இல்லாத நேரத்தில் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவம் இருக்கும் இடம் வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். அந்த எல்லைதான் மட்டம்.

சம்ப்பை அளக்கப் பழகிய பிறகு, பேப்பரில் வரும் ஏரி நிலவரத்தை நான் படிக்கிற விதமே மாறிவிட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் முழுக் கொள்ளளவு இது: பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. ஐந்தையும் கூட்டினால் 11,757. கடலூர்ப் பக்கத்து வீராணம் ஏரியின் 1,465-ஐயும் சேர்த்தால் பதிமூன்று டிஎம்சியைத் தாண்டும். ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, லிட்டரில் 2,831 கோடி. சென்னைக்கு மாதம் ஒரு டிஎம்சி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த ஒரு வரி தெரிந்தால், "ஏரிகளில் 40 சதவீதம் நீர் இருப்பு" என்ற தலைப்புச் செய்தியை நாமே மாதக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் ஆவியாகிற நீரும் ஏரியின் அடியில் தங்கிவிடும் நீரும் உண்டு. எங்கள் சம்ப்பின் ஒன்பது அங்குலம்போல் அவற்றையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நகரத்துக்கு விநியோகம் ஒரு நாளைக்குச் சுமார் 52 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டிருந்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் ஐம்பது வேகன்களோடு வில்லிவாக்கம் வந்தது. அதில் 25 லட்சம் லிட்டர். பார்ப்பதற்கு அவ்வளவு பெரிய ரயில். ஏரிக் கணக்கில் அது ஒரு மில்லியன் கன அடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறைத்த விநியோகத்திலும் அது அரை சதவீதம்தான். ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. குடத்தோடு நின்ற தெருக்களுக்கு அது வந்ததே பெரிது. ஆனால் ஓர் ஏரி கொடுப்பதை ரயில் கொடுக்க முடியாது என்பதை அந்த எண் எனக்குப் புரியவைத்தது.

அணைகளில் உயரத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. மேட்டூர் அணைக்கு 120 அடி நிறைவு, 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 100 அடி என்றால் ஆறில் ஐந்து பங்கு இருப்பதாகத் தோன்றும். இருப்பு ஏறக்குறைய 65 டிஎம்சிதான், பத்தில் ஏழு பங்கு. பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரியும் என்பதால் கடைசி இருபது அடியில்தான் அவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது. அதனால் டெல்டாவில் விவசாயம் செய்யும் என் மாமா, அடி எவ்வளவு என்பதோடு நிறுத்த மாட்டார். டிஎம்சி எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நாற்றங்கால் பற்றிப் பேசுவார்.

நிறைவு என்பதும் எப்போதும் விளிம்பு அல்ல. வைகை அணைக்கு 71 அடி என்றாலும் 69 அடியிலேயே மூன்றாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுகிறார்கள். முல்லைப்பெரியாறில் அணையின் முழு மட்டம் 152 அடியாக இருந்தும், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 142 அடி வரைதான் தேக்கலாம். செம்பரம்பாக்கத்தில் 24 அடி நிறைவு. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது மட்டம் 22 அடியை எட்டும் தறுவாயிலேயே விநாடிக்கு ஆயிரம் கன அடி திறந்தார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த அடையாற்றங்கரைக்காரர்களுக்கு, அந்த மேல் இரண்டு அடி காலியாக இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தெரியும். கோடையில் இருப்பைப் பார்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் காலியிடத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் சம்ப்பிலும் மழைக்காலத்தில் இரண்டு அடி காலியாக வைத்திருக்கிறோம். மொட்டை மாடி மழைநீரை வடிகட்டி அதற்குள் விடுவதற்காக. லாரித் தண்ணீரால் விளிம்பு வரை நிரப்பி வைத்துவிட்டு, இலவசமாக வருவதை ஓவர்ஃப்ளோவில் விடுவதில் அர்த்தமில்லை.

இப்போது அறிவிப்புப் பலகையில் நாங்கள் சதவீதம் எழுதுவதில்லை. "இருப்பு: இரண்டரை நாள்" என்று நாள் கணக்கில் எழுதுகிறோம். வாரம் ஒருமுறை, நோட்டிலிருந்து அந்த வாரத்தின் சராசரிச் செலவை எடுத்து வகுக்கிறோம். பொங்கல், தீபாவளி சமயத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் செலவு ஏறும், அதற்கேற்ப நாள் குறையும். "பாதி இருக்கு" என்று எழுதினால் யாரும் குழாயை இறுக்க மாட்டார்கள். "ஒன்றரை நாள்" என்று எழுதிய அன்று கார் கழுவுகிறவர்கள் தாங்களாகவே வாளிக்கு மாறிவிட்டார்கள்.

கடைசியாக, சம்ப் ஒழுங்கான செவ்வகமாக இல்லாதவர்களுக்கு. மாடிப்படிக்கு அடியில் மூலை வெட்டிக் கட்டியது, எல் வடிவத்தில் கட்டியது என்று பழைய வீடுகளில் நிறைய உண்டு. பெருக்கல் கணக்கு அங்கே உதவாது. சம்ப் கிட்டத்தட்ட காலியாக இருக்கும் நாளில், அளவு நம்பகமான சின்ன லாரி ஒன்றை வரச் சொல்லுங்கள். மெட்ரோ குடிநீர் லாரி கிடைத்தால் நல்லது. மோட்டாரை நிறுத்திவிட்டு, அது இறக்கிய பிறகு பட்டையை விட்டு எடுத்து, நனைந்த எல்லையில் அழியாத பெயிண்டால் கோடு போட்டு, லிட்டரைப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த லோடுக்கு அடுத்த கோடு. மூன்று நாலு லோடில் பட்டையிலேயே அட்டவணை தயாராகிவிடும். லாரி வராத தெரு என்றால் தண்ணீர் மீட்டர் ஒன்றைக் குழாயில் பொருத்தி, ஆயிரம் லிட்டர் போனதும் ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வரலாம். மீட்டர் பொருத்தப் பிளம்பருக்கு அரை நாள் வேலைதான்.